இதை உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?

2017 செப்டம்பர் முதல் வாரம். மியான்மரின் மேற்கே ரக்கைன் மாநிலத்தில் ராணுவ நடவடிக்கை தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அங்கே வாழ்ந்த முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்கள் லட்சக்கணக்கில் வங்கதேச எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். யாங்கோனில் எங்கள் தெருவில் கடைகள் திறந்துதான் இருந்தன. பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் என் அண்ணிக்கு பேஸ்புக் மெசஞ்சரில் ஒரு செய்தி வந்தது. அண்ணி பர்மியப் பெண், பௌத்தர். செப்டம்பர் 11 அன்று முஸ்லிம்கள் நாடு முழுக்கத் தாக்கப் போகிறார்கள், ஜாக்கிரதையாக இருங்கள், தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று அதில் இருந்தது. மறுநாள் எதிர் வீட்டு அக்கா வந்தார். அவர் சூலியா குடும்பம், தமிழ் முஸ்லிம். அவருக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. அதே செப்டம்பர் 11 அன்று பௌத்த தேசியவாதிகள் கிளம்பப் போகிறார்கள், கலாக்களுக்கு எதிராக ஊர்வலம், தாக்குதல் நடக்கும், எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று. கலா என்பது இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இங்கே இழிவாகச் சொல்லும் பெயர்.

இரண்டு பேரும் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். படித்தவள், இரண்டு பக்கமும் சேராதவள் என்று ஒரு எண்ணம். "நீ கொஞ்சம் பாரும்மா, இது நிஜமா?" என்றார் அக்கா. சமையலறை மேசையில் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே தேதி. ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டும் கடைசியில் ஒரே மாதிரி முடிந்தன: உடனே பகிருங்கள். யார் எழுதியது என்று இரண்டிலும் இல்லை. அண்ணிக்கு அனுப்பியவர் விகாரைக்கு அன்னதானம் செய்யும் பெண்கள் குழுவில் மூத்தவர். அக்காவுக்கு அனுப்பியவர் அவருடைய சொந்த நாத்தனார். இருவருமே பொய் சொல்லக்கூடியவர்கள் இல்லை. அவர்கள் பயந்துபோய், தன் ஆட்களைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அனுப்பினார்கள்.

அந்த 11-ம் தேதி எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லா ஊரிலும் அப்படிப் போகவில்லை. அந்தச் செய்திகள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்து குறைந்தது மூன்று வன்முறைச் சம்பவங்கள் நடந்ததாக, 2018 ஏப்ரலில் மியான்மர் சமூக அமைப்புகள் பேஸ்புக் தலைவர் மார்க் ஜுக்கர்பெர்க்குக்கு எழுதிய திறந்த மடலில் சொன்னார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவர் ஒரு பேட்டியில் இந்த இரட்டைச் செய்தியைக் குறிப்பிட்டு, எங்கள் கண்காணிப்பு ஏற்பாடு இதைக் கண்டுபிடித்துத் தடுத்தது என்று சொல்லியிருந்தார். நீங்கள் சொல்லும் அந்த ஏற்பாடு நாங்கள்தான், நாங்கள் பார்த்து, நாங்கள் உங்களுக்கு மின்னஞ்சல் போட்டபோது ஏற்கெனவே மூன்று நாளாக அது பரவிக்கொண்டிருந்தது என்று அந்த மடல் பதில் சொன்னது. அந்த மடலைப் படித்தபோது என் சமையலறை மேசைதான் நினைவுக்கு வந்தது.

வதந்தி எப்படிப் பரவுகிறது என்று கேட்டால் பலரும் "வைரல் ஆயிடுச்சு" என்கிறார்கள், ஏதோ தானாக நடந்த மாதிரி. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. இணையத்தின் ஏதோ ஒரு மூலையில், நூறு பேர் மட்டும் இருக்கும் ஒரு குழுவில் கிடக்கிற பொய்க்குத் தானாக ஊருக்குள் வரத் தெரியாது. யாராவது கொண்டுவர வேண்டும். ஒவ்வொருவர் கையாக மாறும்போது இரண்டு காரியம் நடக்கிறது. அது பிறந்த இடத்தின் பெயர் அழிந்துபோகிறது, கொண்டுவந்தவரின் நல்ல பெயர் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அண்ணி அந்தச் செய்தியை நம்பவில்லை, அன்னதானக் குழுவின் மூத்த அம்மாவை நம்பினார்.

இது செல்போன் கொண்டுவந்த நோய் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் தாத்தா காலத்திலேயே நடந்திருக்கிறது. 1938-ல் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், பெரிய கலவரம். பௌத்தத்தை இழிவுபடுத்தியதாகச் சொல்லப்பட்ட புத்தகம் ஒன்றுதான் அதற்குத் தீப்பொறி. ஆனால் அந்தப் புத்தகம் 1938-ல் எழுதியது இல்லை, பல வருஷம் முன்பே அச்சாகி யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதை மறுபடி எடுத்துப் போட்டார்கள், பெரிய பர்மியப் பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன, ஜூலை 26 அன்று ஷ்வேடகோன் பகோடாவில் கண்டனக் கூட்டம் நடந்தது. அங்கிருந்து கூட்டம் கடைத்தெருவுக்கு இறங்கியது. பிறகு விசாரித்த குழு, பத்திரிகைகள் நடந்துகொண்ட விதத்தைக் கடுமையாகச் சாடியது. அடி வாங்கியதில் முஸ்லிம்கள்தான் அதிகம். ஆனால் கலா என்றால் எல்லாரும் கலாதான். தமிழர், தெலுங்கர், வங்காளி, இந்து, முஸ்லிம் என்று கும்பல் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் முஸ்லிம்களைப் பற்றிய வதந்தி என்று சொல்லி என்னைப் போன்ற இந்துத் தமிழர்கள் ஒதுங்கி நிற்பதை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

மண்டலேயில் 2014-ல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஓரத்தில் கிடந்தது நடுத்தெருவுக்கு வந்த வழி அதில் படிப்படியாகத் தெரிகிறது.

முஸ்லிம் சகோதரர்கள் இருவர் நடத்திய டீக்கடை ஒன்று. அவர்கள் ஒரு பௌத்தப் பெண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு வலைப்பதிவில் செய்தி வந்தது. அதோடு நின்றிருந்தால் அதைப் படிக்கிற கூட்டத்தோடு போயிருக்கும். அதை எடுத்து, ஆட்களின் பெயரோடும் கடையின் பெயரோடும் தன் பேஸ்புக்கில் போட்டவர் விராது பொங்கி. பொங்கி என்றால் பௌத்தப் பிக்கு. முஸ்லிம்களுக்கு எதிரான 969 என்ற பௌத்த தேசியவாத இயக்கத்தின் முகம் அவர். முன்பு சிறையில் இருந்து 2012-ல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தவர். அதுவரை தெருவோரத்தில் டிவிடியாக விற்ற அவருடைய பிரசங்கங்கள் அப்போது பேஸ்புக்குக்கு வந்திருந்தன. காவியுடை உடுத்த ஒருவர் சொல்கிறார் என்றதும் அது செய்தியாகிவிட்டது. ஜூலை 1 அன்று அந்த டீக்கடை முன்னால் சில நூறு பேர் கூடினார்கள். அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் பௌத்தர். ஊரடங்கு போட்டார்கள். பேஸ்புக்கைத் தற்காலிகமாக நிறுத்தும் அளவுக்கு நிலைமை போனது. அப்புறம் விசாரணை நடந்தது. அப்படிப்பட்ட சம்பவமே நடக்கவில்லை, அந்தப் பெண் பணம் வாங்கிக்கொண்டு புகார் கொடுத்திருக்கிறாள் என்று அரசாங்கமே அறிவித்தது. புகார் பொய் என்று தெரிய வந்தபோது செத்தவர்கள் இருவரின் காரியமும் முடிந்திருந்தது.

பொய் வலைப்பதிவில் பிறந்தது, பொங்கியின் கைக்கு வந்தபோது அதற்கு மரியாதை வந்தது, அங்கிருந்து பேஸ்புக் அதை எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோனது. இந்த மூன்றில் நடுவில் இருந்த படிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அந்தப் படி இல்லாமல் முதலாவது மூன்றாவதைத் தொட்டிருக்காது.

பேஸ்புக் எப்படி எல்லார் வீட்டுக்கும் வந்தது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் மச்சான் யாங்கோனின் தாக்கேத்தா பகுதியில் போன் கடை வைத்திருந்தான். ராணுவ ஆட்சிக் காலத்தில் ஒரு சிம் கார்டு வாங்க நகையை விற்க வேண்டும். 2014-ல் ஊரிடூ, டெலினார் என்ற வெளிநாட்டு போன் நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கொடுத்தார்கள். கடை வாசலில் வரிசை நின்றது. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர்கள், காய்கறி விற்கிற அம்மாக்கள், கைலி மடிப்பில் பணத்தை முடிந்து கொண்டுவந்த தொழிலாளிகள். யாருக்கும் மின்னஞ்சல் கிடையாது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மச்சான் ஏதோ ஒரு பெயரில் மின்னஞ்சலை உண்டாக்கி, ஏதோ ஒரு பிறந்த தேதி போட்டு, பேஸ்புக் கணக்கு திறந்து கொடுப்பான். கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவான். பாதிப் பேர் அதை வாங்கியதும் தொலைத்துவிடுவார்கள், மறுமாசம் புதுக் கணக்கு. திரை காலியாக இருந்தால் "ஒண்ணும் வரலையே தம்பி" என்று திரும்பி வருவார்கள் என்பதற்காக, ஓடுகிற பக்கங்கள் சிலவற்றை அவனே லைக் போட்டுக் கொடுப்பான். சினிமா, பாட்டு, ஜோசியம், செய்தி என்று பெயர் போட்ட ஏதாவது.

நாடு முழுக்கப் போன் கடைகளில் இப்படித்தான் நடந்தது. பத்திரிகை படித்து, வானொலி கேட்டு, எது நல்ல இடம் எது மட்டமான இடம் என்று பழகிய ஒரு சமூகத்துக்குள் பேஸ்புக் வந்திருந்தால் கதை வேறு. ஐம்பது வருஷம் தணிக்கையில் இருந்த நாடு. அரசாங்கச் செய்தித்தாளில் வந்தால் அது பொய், காதோடு காதாக வந்தால் அது நிஜம் என்று பழகிய மக்கள். அவர்கள் கையில் இணையம் என்றாலே பேஸ்புக் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். 2018-ல் சுமார் 2 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். 2015-ன் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தில் புகார் வந்த பதிவுகளைப் பார்க்க பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் இருந்ததாக ராய்ட்டர்ஸ் பின்னால் எழுதியது. போதாக்குறைக்கு நாங்கள் பெரும்பாலும் ஸோஜி எழுத்துருவில் எழுதினோம், உலகம் யூனிகோடில் இருந்தது. பேஸ்புக்கின் எந்திரத்துக்கு எங்கள் வசவும் புரியவில்லை, எங்கள் பிரார்த்தனையும் புரியவில்லை.

மச்சான் லைக் போட்டுக் கொடுத்த அந்தச் சினிமா, சிரிப்புப் பக்கங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2018 அக்டோபரில் பேஸ்புக் 13 பக்கங்களையும் 10 கணக்குகளையும் நீக்கியது. அழகுக் குறிப்பு, பொழுதுபோக்கு, நகைச்சுவை என்று பெயர் வைத்துக்கொண்டு, பின்னால் ராணுவத்தோடு தொடர்பில் இருந்தவை. அவற்றைத் தொடர்ந்தவர்கள் 13.5 லட்சம் பேர். ராணுவத்தில் சுமார் 700 பேர் வரை இந்த வேலையில் இருந்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. முதலில் நடிகர், பாடகர், அழகிகள் பெயரில் பக்கம் திறந்து கூட்டம் சேர்ப்பது, நம்பிக்கை வந்த பிறகு நடுநடுவே விஷத்தைப் போடுவது. அதற்கு இரண்டு மாதம் முன்பு தளபதி மின் ஆங் லைங் உட்பட 20 பேரையும் அமைப்புகளையும் பேஸ்புக் தடை செய்திருந்தது. அந்தப் பக்கங்களைத் தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய 1.2 கோடி.

பணத்துக்காகச் செய்தவர்களும் உண்டு. பேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் கட்டுரைகளுக்கு விளம்பரக் காசு தருகிற வசதி 2016-ல் வந்தது. 2015-ல் இந்த நாட்டில் பேஸ்புக்கில் அதிகம் புழங்கிய 10 தளங்களில் 6 முறையான செய்தி நிறுவனங்களுடையவை. 2018-ல் ஒன்றுகூட இல்லை. எந்தப் பொய் ஓடும் என்று பார்த்து, அதைத் தூக்கிப் புதுத் தலைப்பு போட்டு விற்றவர்களுக்கு மதமும் கிடையாது, கட்சியும் கிடையாது. எது கோபத்தைக் கிளப்புகிறதோ அது சரக்கு. 2020-ல் விராதுவின் ஒரு வீடியோவை யார் எப்படிப் பார்த்தார்கள் என்று நிறுவனம் உள்ளுக்குள் ஆராய்ந்தபோது, 70 சதவீதத்துக்கு மேல் வேறு வீடியோ பார்த்தவர்களுக்கு அடுத்ததாக எந்திரமே போட்டுக் காட்டியது என்று தெரிந்தது. ஆக, கைகளில் ஒன்று எந்திரத்தின் கை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை முதலில் மனிதக் கைகளைப் பார்த்துத்தான் பழகுகிறது.

அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர்களும் இதையே சொல்கிறார்கள். 2018-ல் எம்.ஐ.டி. ஆட்கள் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை ஓடிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய் வேகமாகவும் தூரமாகவும் போனது, அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான் என்று கண்டார்கள். அதே நாட்டில் 2016 தேர்தல் சமயம் 4சான், ரெடிட் போன்ற இணைய அரட்டைத் தளங்களில் முகம் தெரியாதவர்கள் கட்டிய ஒரு கதை, வாஷிங்டன் பீட்சா கடையின் நிலவறையில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது, ட்விட்டர் வழியாகப் பெரிய கூட்டத்துக்கு வந்து, டிசம்பர் 4 அன்று ஒருவன் துப்பாக்கியோடு அந்தக் கடைக்குள் நுழைந்து சுட்டான். அந்தக் கடைக்கு நிலவறையே கிடையாது.

பர்மாவிலிருந்து வெளியே போன பொய்களையும் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்று தமிழ்நாட்டு ரயில் நிலையம் வரை போனது.

2012 ஜூனில் ரக்கைனில் கலவரம். அடுத்த மாதம் ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. வரிசையாகக் கிடத்திய நூற்றுக்கணக்கான உடல்கள், நடுவில் காவியுடைப் பிக்குகள். பர்மாவில் பௌத்தர்கள் கொன்ற முஸ்லிம்கள் என்று குறிப்பு. உண்மையில் அது 2010 ஏப்ரலில் சீனாவின் யூஷு பகுதியில் நிலநடுக்கத்தில் செத்தவர்களுக்கு ஈமச்சடங்கு செய்ய வந்த திபெத்தியப் பிக்குகள். பிணங்களுக்கு மரியாதை செய்ய வந்தவர்களைக் கொலைகாரர்கள் ஆக்கினார்கள். இந்தப் படமும் இதைப் போன்றவையும் கிளப்பிய கொதிப்பில் ஆகஸ்ட் 11 அன்று மும்பை ஆசாத் மைதானத்தில் கூட்டம் கலவரமாகி இரண்டு பேர் செத்தார்கள். நாலைந்து நாளில் பெங்களூரில் வேலை பார்த்த வடகிழக்கு மாநிலத்தவர்களுக்கு, ரம்ஜானுக்குப் பிறகு உங்களை அடிக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு குவாஹாத்தி ரயிலுக்கு ஓடினார்கள். சென்னை, புனே, ஹைதராபாத்திலிருந்தும் போனார்கள். இந்திய அரசாங்கம் ஒரு நாளைக்கு ஐந்து எஸ்.எம்.எஸ்.தான் மொத்தமாக அனுப்பலாம் என்று கட்டுப்பாடு போட்டது.

படித்தவர், பதவியில் இருப்பவர் என்றால் நம்பலாம் என்பதும் இல்லை. 2017 ஆகஸ்ட் 29 அன்று துருக்கியின் துணைப் பிரதமரே ரோஹிங்கியா படுகொலை என்று நாலு படம் ட்வீட் செய்தார். அதில் 1994 ருவாண்டாவும் 2003 இந்தோனேசியாவும் இருந்தன. பிறகு அழித்தார். ரோஹிங்கியாக்கள் கொல்லப்பட்டது சத்தியம். பொய்ப் படம் போட்டதால் அந்தச் சத்தியத்துக்குத்தான் கேடு. இங்கே ஒவ்வொரு உண்மைப் படத்தையும் காட்டி "இதுவும் திபெத்துதானே" என்று சொல்ல ராணுவத்துக்கு வாகாகப் போனது. அந்த ராணுவமோ 2018 ஜூலையில் ஒரு புத்தகம் போட்டது. வங்காளிகள் (ரோஹிங்கியாக்களை ராணுவம் அப்படித்தான் சொல்லும்) உள்ளூர் மக்களைக் கொன்றார்கள் என்று அதில் போட்ட ஒரு படம் 1971 வங்கதேசப் போரில் எடுத்தது. நாட்டுக்குள் நுழைந்த வங்காளிகள் என்று போட்ட படம் 1996-ல் ருவாண்டா அகதிகளை எடுத்தது, கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார்கள். ராய்ட்டர்ஸ் கண்டுபிடித்து எழுதிய பிறகு தவறான படங்கள் என்று மன்னிப்புக் கேட்டார்கள். இணையத்தில் சுற்றிய பொய், அச்சேறி, விலை போட்டுக் கடைக்கு வந்திருந்தது. அதற்கு மேல் போக ஒரு படி இல்லை.

2021-க்குப் பிறகு விஷயம் இன்னும் சிக்கலாகிவிட்டது. பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாலாம் தேதியிலிருந்து பேஸ்புக்கைத் தடுத்தார்கள். மார்ச்சில் மிஸிமா, டிவிபி போன்ற செய்தி நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தார்கள். நல்ல செய்தி வருகிற கதவுகளை எல்லாம் சாத்திவிட்டால் ஓரத்தில் கிடந்ததெல்லாம் நடு வீட்டுக்கு வந்துவிடும்.

பிப்ரவரி 12 அன்று 23,000-க்கும் அதிகமான கைதிகளை விடுதலை செய்தார்கள். அன்று இரவே செய்தி: விட்டவர்களை ராணுவம் நம் பகுதிக்கு அனுப்புகிறது, தீ வைப்பார்கள், குடிதண்ணீரில் விஷம் கலப்பார்கள். யாங்கோன் முழுக்கத் தெருத் தெருவாகக் காவல் நின்றார்கள். எங்கள் தெருவிலும் தான். சட்டி பானையைத் தட்டினால் எல்லாரும் வெளியே வர வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு இரவு ஒரு ஆளைப் பிடித்துவிட்டார்கள். நடு ரோட்டில் உட்கார வைத்திருந்தார்கள். பையில் பழைய துணியும் ஒரு டார்ச்சும் மண்ணெண்ணெய் வாடையும். "இதோ பாரு, கொளுத்தத்தான் வந்திருக்கான்" என்று ஒரு பையன் கத்தினான். கம்பு ஓங்கிய கைகளில் ஒன்று நான் தமிழ் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் கை. எதிர் வீட்டு பாய் குறுக்கே போய் நின்றார். "எந்த வார்டுப்பா நீ? அங்கே உன்னை யாருக்குத் தெரியும்?" என்று பர்மியத்தில் கேட்டு, அந்த வார்டில் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டார். மரக்கடையில் இரவுக் காவலாளி. ஊரடங்கு நேரத்துக்குள் போய்ச் சேர முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவரைத் தண்ணீர் கொடுத்து பாயே தன் வீட்டில் படுக்க வைத்தார்.

அந்த நாட்களில் பரவியது எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. இரவில் வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது நிஜம். பயம் நியாயமான பயம். அதனால்தான் அந்தச் செய்தியைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நம் எதிரியைப் பற்றி வருகிற செய்திதான் ஆபத்தானது, அதை நாம் கேட்ட உடனே நம்பத் தயாராக இருக்கிறோம். ராணுவத்துக்கு ஆதரவான டெலிகிராம் சேனல்களும் இதே வேலையைத்தான் செய்தன. எதிர்ப்பவர்களின் பெயர், முகவரி, படம் என்று போட்டார்கள், அது பேஸ்புக்குக்கு வந்தது, பிறகு வீட்டு வாசலில் வண்டி நின்றது.

2025 மார்ச் 28 அன்று சகாயிங், மண்டலேயை 7.7 அளவு நிலநடுக்கம் நொறுக்கியது. ஏப்ரல் 9 அன்று டிக்டாக்கில் ஒரு ஜோசியர், 21-ம் தேதி எல்லா ஊரிலும் பெரிய நிலநடுக்கம் வரும், பகலில் உயரமான கட்டடங்களில் இருக்காதீர்கள் என்று வீடியோ போட்டார். 30 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். யாங்கோனில் பலர் வீட்டை விட்டு வெளியில் தங்கினார்கள். 21-ம் தேதி ஒன்றும் வரவில்லை, மறுநாள் அவரைக் கைது செய்தார்கள். அது ஒரு பக்கம். அதே வாரங்களில் தமிழ்நாட்டிலிருந்து எனக்கு வந்த வீடியோக்கள் எத்தனை! வேறு நாட்டு நிலநடுக்கம், எந்திரம் வரைந்த இடிபாடுகள், பின்னணியில் சோக இசை, மேலே "பர்மாவில் தமிழர்கள் நிலை" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. இங்கே இருக்கிற எனக்கே அனுப்பி "பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். அன்பில்தான் கேட்டார்கள். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்து என் சின்னம்மா மகள் திருச்சியில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உண்மையிலேயே இடிந்த ஊர்களின் படம், உதவி கேட்ட நிஜமான மனிதர்களின் பதிவு இதற்கு அடியில் புதைந்துபோனது.

எங்கள் கோவிலுக்கு ஒரு வைபர் குழு இருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகு நானும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் பேசி ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். யார் எதை அனுப்பினாலும் கூடவே ஒரு வரி எழுத வேண்டும்: இதை எனக்கு அனுப்பியவர் யார், இது நடந்த இடம் எது, நாள் எது. உண்மையா பொய்யா என்று யாரையும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் சண்டைதான் வரும், பெரியவர்கள் மனம் நோகும். எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டோம். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதையே பயிற்சியாகக் கொடுத்தேன். ஒரு படத்தை எடுத்து, அனுப்பியவரிடம் கேட்டு, அவருக்கு அனுப்பியவரிடம் கேட்டு, எத்தனை பேர் வரை பின்னால் போக முடிகிறது என்று எழுதி வரச் சொன்னேன். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவது ஆளோடு நின்றுவிட்டார்கள். மூன்றாவது ஆள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

குழுவில் வருகிற செய்தி பாதியாகக் குறைந்தது. கோவில் காரியங்களில் முன்னால் நிற்கிற பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. வயதில் மூத்தவனைப் போலீஸ் மாதிரி விசாரிக்கிறீர்களே என்று வருத்தப்பட்டு, தனியாக ஒரு குழு தொடங்கினார். எங்கள் குழுவைவிட இப்போது அதில்தான் ஆள் அதிகம். நானும் அதில் சேர்ந்துகொண்டேன். பொய் அங்கே வரும் என்றால் நானும் அங்கேதான் இருக்க வேண்டும். எது வந்தாலும் எல்லார் முன்னாலும், மரியாதையாக, "ஐயா, இது உங்களுக்கு யார் அனுப்பினது?" என்று எழுதுகிறேன். ரொம்ப நாள் பதில் இல்லை. போன மாதம் எல்லையில் ஏதோ சண்டை என்று ஒரு வீடியோ போட்டபோது பதில் எழுதினார். மருமகன் சென்னையிலிருந்து அனுப்பினான், கேட்டுச் சொல்கிறேன் என்று. மறுநாள் கேட்டும் சொன்னார். மருமகனுக்கு யார் அனுப்பியது என்று மருமகனுக்கே நினைவில்லையாம். அந்த வீடியோவை அவரே எடுத்துவிட்டார்.